ஐப்பசியா, தையா

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு காகிதம் ஏறும். அதில் இரண்டே வரி. முதல் வரி என்னுடையது, ஓர் எண். இரண்டாவது வரி என் கணவருடையது, ஒரே ஒரு சொல்: "கப்". பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முன்னால், எங்கள் டீம் இந்த வருஷம் எங்கே போய் நிற்கும் என்று ஆளுக்கொரு வரி எழுதிவிட வேண்டும். சீசன் முடிகிறவரை அடித்துத் திருத்தக் கூடாது. கல்யாணமாகி அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்கிற இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வருஷம் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம் இது. பதினெட்டு காகிதம் சேர்ந்துவிட்டது. பதினெட்டிலும் அவர் எழுதியது அதே சொல்தான்.

நான் எண் எழுதுகிறவள், மொத்தம் எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள் என்று. ஒரு சீசனில் ஒரு டீம் ஆடுவது நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். அதில் பாதி எண்பத்தொன்று. எங்கள் டீம் சாதாரண வருஷத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், நல்ல வருஷத்தில் கொஞ்சம் மேலே. யார் கை வலியோடு இருக்கிறார், யாருக்கு வயதாகிவிட்டது, யாரை விற்றுவிட்டார்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் எழுதுகிற எண், அனேகமாக மூன்று நான்கு ஆட்டத்துக்கு மேல் தப்பாது. இதில் எனக்குப் பெருமை உண்டு, அதை நான் மறைத்துக்கொள்வதும் இல்லை.

வேலையிலும் நான் அப்படித்தான். மாத்திரை செய்கிற ஒரு கம்பெனியில், எந்த மாத்திரை எந்தத் தேதிக்குள் எவ்வளவு தயாராகும் என்று சொல்வது என் பொறுப்பு. நான் சொன்ன தேதி இதுவரை தவறியதில்லை. காரணம் ரொம்ப எளிது, ஆசைப்பட்டுத் தேதி சொல்ல மாட்டேன். முடிகிறதைத்தான் சொல்வேன். பேஸ்பால் எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். பத்து தடவை மட்டை பிடித்து மூன்று தடவை ஒழுங்காக அடித்தால் அவன் பெரிய ஆட்டக்காரன். மீதி ஏழு தடவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார வேண்டியதுதான். இப்படி ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் "கப்" என்று எழுதுகிற மனுஷனை என்ன செய்ய?

அவரிடம் கேட்டால் சிரிப்பார். "மேடம், நீ எழுதறது ஃபோர்காஸ்ட். நான் எழுதறது டார்கெட்" என்பார். சென்னைக்காரர், பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் டீம் தோற்றால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். டிவியை அணைத்துவிட்டு, டிரையரிலிருந்து காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து சோபாவில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மடிக்க ஆரம்பித்துவிடுவார். யாருக்கும் ஃபோன் செய்ய மாட்டார், வந்தாலும் எடுக்க மாட்டார். எங்கள் டீமின் தயவில் எங்கள் வீட்டில் துணி மடிக்காமல் கிடந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து என் தம்பி வீடியோவில் கூப்பிடும்போது, என் முதுகுக்குப் பின்னால் மச்சான் துணி மடிப்பதைப் பார்த்தால், "போச்சாக்கா இன்னிக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான்.

சீசன் டிக்கெட்டை நாங்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து வாங்குவோம். எல்லோரும் சுற்றுவட்டாரத் தமிழர்கள், ஒருவர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வருவார். இரண்டு இருக்கை, நான்கு வீடு. ஆகவே மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் கூடி, இட்லியும் கொத்சும் சாப்பிட்டு, யாருக்கு எந்த ஆட்டம் என்று சொம்பில் சீட்டுப் போட்டு எடுப்போம். சீட்டு எழுதுவது நான். கடைசியில் யாராவது ஒருத்தர், அது பெரும்பாலும் என் கணவர், "அக்டோபர் சீட்டும் போடுங்க" என்பார். டீம் இறுதித் தொடர் வரைக்கும் போனால் அங்கே ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. அந்த ஆட்டங்களில் எங்கள் ஊரில் நடக்கக்கூடியவற்றுக்கும் சீட்டு. வருஷா வருஷம் நான் "பேப்பர் வேஸ்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே எடுப்பார்கள். அந்தச் சீட்டுகள் அதற்குப் பிறகு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

போன வருஷம் என் எண் எழுபத்தெட்டு. அக்டோபர் சீட்டில் என் கணவருக்கு விழுந்தது ஆறாவது ஆட்டம். அதை மட்டும் அவர் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

மே மாதத்தில் தம்பி கூப்பிட்டான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. நான்கு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன், வீட்டில் பேசு என்று என்னிடம்தான் முதலில் சொன்னான். அவனைவிட இரண்டு வயது மூத்தவள், ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி விலகி வந்தவள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பெரியம்மா வைத்ததுதான் சட்டம், அவர் முடியாது என்றால் முடியாது. நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். "டேய், ரியலிஸ்டிக்கா யோசி. நடக்கற காரியத்தப் பாரு" என்று சொல்லி, தெரிந்தவர்கள் வழியாக வந்த நான்கைந்து ஜாதகத்தை அனுப்பிவைத்தேன். அவன் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. என்னோடு சண்டையும் போடவில்லை. நான்கு வருஷம் பொறுமையாக ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு ஆளாகப் பேசினான். கடைசியாகப் பெரியம்மாவே ஒரு நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம்தான் அந்த ஃபோன்.

"அக்கா, முகூர்த்தம் பாக்கறோம். ஆவணியில ஹால் ஒண்ணுங் கெடைக்கல. புரட்டாசி ஆகாது. ஐப்பசியா, தையா? நீ சொல்றதுதான்."

நான் சொல்வதுதான் என்று அவன் சொன்னது மரியாதைக்காக மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டு உடுத்தி, மூங்கில் பேழையை ஏந்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைப் புடவையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை அவனிடம். கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தினால் ஊர் ஒரு மாதிரி பேசும், கல்யாணத்தைப் பிடிக்காமல் அக்கா வரவில்லை என்று. இந்தக் கல்யாணத்துக்கு அந்தப் பேச்சு கூடவே கூடாது.

"ஐப்பசி" என்றேன், யோசிக்காமல்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பி, சோப்புக் கையை ஆட்டி, சத்தமில்லாமல் "தை, தை" என்று வாயசைத்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தம்பியே கேட்டான். "நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா. ஐப்பசின்னா அக்டோபர் கடைசி. அப்ப உங்க மேட்ச்சு இருக்காதா?"

"எங்க டீமுக்கா? அதுக்குள்ள அவங்கவங்க வீட்டுக்குப் போயி மீன் பிடிச்சிட்டு இருப்பாங்கடா" என்று சிரித்தேன். "தையில பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு கெடைக்காது. ஐப்பசியே ஃபிக்ஸ் பண்ணு."

அன்றைக்கு எங்கள் டீம் ஆடியதில் பாதிக்கும் மேல் தோற்றிருந்தது. என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கோயமுத்தூரில் மண்டபம் பேசினார்கள், பத்திரிகை அடித்தார்கள். நான் பத்து நாள் முன்னதாகக் கிளம்புவது, கணவரும் மகளும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்வது என்று டிக்கெட் போட்டோம்.

ஜூலையில் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் நான் கண்டுகொள்ளவில்லை, எந்த டீமுக்கும் நல்ல பத்து நாள் வரும். ஆகஸ்டிலும் ஜெயித்தார்கள். செப்டம்பரில் எழுபத்தெட்டு தாண்டிப் போய்விட்டது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் என் எண் என்னைப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "சொல்லித் தொலைங்களேன்" என்று நானே ஒரு நாள் கேட்டேன். "என்னத்த சொல்றது? இன்னும் நிறைய மேட்ச் இருக்கு" என்று என் வசனத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபரில் முதல் சுற்று ஜெயித்தார்கள், இரண்டாவது சுற்று ஜெயித்தார்கள். மூன்றாவது சுற்றும் ஜெயித்து இறுதித் தொடருக்குள் போன மறுநாள் காலை, நான் சூட்கேஸில் சீர்த்தட்டுக்கு வாங்கிய சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயது மகள் மாடிப்படியில் ஃபோனோடு உட்கார்ந்து, தேதிகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கேம் சிக்ஸ், வெட்டிங் டே. எக்ஸாக்ட்லி சேம் டைம்." பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, யூ பிக்ட் தட் டேட்" என்றாள்.

இங்கே ஆட்டம் தொடங்குகிற இரவு எட்டு மணி என்பது கோயமுத்தூரில் மறுநாள் காலை ஐந்தரை. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். பஞ்சாங்கமும் பேஸ்பாலும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் கவிழ்த்திருந்தன.

என் கணவர் பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்தில் "6" என்று இருந்தது. "நான் கல்யாணத்துக்கு வர்றேன்" என்றார். "ஒரே மச்சான். நான் இல்லேன்னா நல்லாவா இருக்கும்? சீட்ட வேற யாருக்காவது குடுத்துடலாம்." சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டிரையர் இருக்கும் பக்கம் போனார். டீம் ஜெயித்த மறுநாள் அவர் துணி மடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினேழு வருஷமாக எழுதிய ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் போய் உட்கார வேண்டிய இருக்கை அது. அதை நான், ஒரு ஃபோனில், சிரித்துக்கொண்டே, அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதையும் மதிக்காமல் செலவழித்திருந்தேன். இதில் டீமைக் குறை சொல்ல முடியாது, கிரகத்தைக் குறை சொல்ல முடியாது. நான்தான்.

இன்னொன்றும் இருந்தது. ஆறாவது ஆட்டம் நடக்கும் என்பதே நிச்சயமில்லை. நான்கு ஆட்டத்திலேயே தொடர் முடிந்துவிடலாம், ஐந்தில் முடியலாம். ஆறு வரை போகும் என்று நம்பி ஒருவர் கல்யாணத்துக்கு வராமல் இங்கே இருந்து, அது நடக்காமலும் போனால் இரண்டும் போச்சு. "ஆறு வரைக்கும் போகாதுங்க, வந்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மனசு ஆறிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "மச்சான அங்கயே இருக்கச் சொல்லுக்கா. பாப்பாவயும் கூட்டிட்டுப் போவட்டும். நீ வந்தாப் போதும்."

"ஊர் பேசும்டா."

"பேசட்டும். நாலு வருசமாப் பேசுனதக் கேட்டவன்தான நானு?"

"ஆறாவது மேட்ச்சே நடக்காமப் போச்சுன்னா?"

அவன் ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னான். "அக்கா, எங்கிட்டச் சொன்ன மாதிரி மச்சாங்கிட்டயுஞ் சொல்லிப் போடாத."

நான்கு வருஷத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்தது அந்த ஒரு தடவைதான். ஃபோனை வைத்தேன். கீழே போய் என் கணவரிடமிருந்து துண்டைப் பிடுங்கி, "நீங்க மேட்ச்சுக்குப் போறீங்க. டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க" என்றேன். "நடக்கலேன்னா?" என்று அவர்தான் கேட்டார், நான் இல்லை. "நடக்கும்" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் அப்படி ஒன்றைச் சொன்னது என் ஞாபகத்தில் அதுதான் முதல் தடவை. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

கோயமுத்தூரில் இறங்கிய நாளிலிருந்து ஜவுளி, பந்தக்கால், விருந்து என்று ஓட்டம். நடுவில் ஃபோனைப் பார்ப்பேன். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது வெற்றி. மூன்றாவது தோல்வி. நான்காவது வெற்றி. ஐந்தாவது தோல்வி. ஆக, ஆறாவது ஆட்டம் உண்டு. அதில் தோற்றால் எல்லாம் முடிந்தது. ஜெயித்தால் ஏழாவது. உறவுக்காரர்கள் "மாப்பிள்ளை ஏன் வல்ல?" என்று கேட்டபோதெல்லாம், "அவருக்கு அங்க ஒரு முக்கியமான காரியம் இருக்கு" என்று தலையை நிமிர்த்தியே சொன்னேன். என்ன காரியம் என்று யாரும் கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மகள் ஸ்டேடியத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஏழு சுற்று முடிந்திருந்தது, நாங்கள் இரண்டு ரன் பின்னால். அந்த நிலைமையில் ஒரு டீம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஃபோனை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கையில் கொடுத்து, "அவரு கூப்பிட்டா எடுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

பேழையை ஏந்தி நின்றேன். கூறைப் புடவையின் முனையை என் கையில் கொடுத்தார்கள், மறுமுனை தம்பியிடம். சீர் செய்கிற பெரியவர் நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். என் கண் மட்டும் பெரியம்மா மடியில் இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, ஃபோன் வெளிச்சம் போட்டது. பெரியம்மா அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நாதஸ்வரத்தையும் மீறிய குரலில் சொன்னார்.

"அம்முணி! மாப்பிள்ளை அழுவறாரு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "யாருக்கு என்னாச்சு?" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். "ஒரே கூட்டமா இருக்குது, எல்லாருங் கத்தறாங்க, மாப்பிள்ளை கண்ணத் தொடைக்கறாரு, புள்ள கட்டிப் புடிச்சிட்டு நிக்குது" என்று பெரியம்மா நடப்பதை நடக்கிறபடியே சொன்னார். மேடையை விட்டு இறங்க முடியாது, கையிலிருக்கும் முனையை விட முடியாது.

தோற்றுவிட்டார்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். இரண்டு ரன் பின்னால், இரண்டு சுற்று பாக்கி, வேறென்ன ஆகும்? அவர் அங்கே உட்கார்ந்து அழுகிறார், நான் இங்கே பட்டுப்புடவையில் நிற்கிறேன் என்று நினைத்ததும் என் கண்ணும் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் தம்பி, உதடு அசையாமல் சொன்னான். "ஜெயிச்சாச்சுக்கா."

"உனக்கு எப்படிரா தெரியும்?"

"தோத்திருந்தா மச்சான் ஃபோன் பண்ணுவாரா?"

அவன் சொன்னதும்தான் உறைத்தது. தோற்ற நாளில் அவர் யாரையாவது கூப்பிட்டு நான் பார்த்திருக்கிறேனா? கூட வாழ்கிறவள் நான். வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் பார்க்கிறவன் அவன். எனக்குத் தெரியாததா அது? தெரியும். ஆனால் தோல்வி என்று முதலிலேயே எழுதிவிட்ட எனக்கு, கண்ணெதிரே வந்த வெற்றிகூடத் தோல்வியாகத்தான் தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் இவன் ஃபோனில் பேசியபோதும் எனக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. மணமேடை என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு உங்கிட்ட அப்படிச் சொன்னது தப்புடா."

"இப்ப எதுக்கு அது? முனைய விட்டுறாத, கெட்டியாப் புடி" என்றான்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாலி கட்டி முடிந்ததும் புதுப்பெண் என் காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தவள் முதலில் கேட்டது, "அண்ணி, மேட்ச் என்னாச்சு?" என்றுதான். கடைசிச் சுற்றில் மூன்று ரன் அடித்து ஜெயித்திருந்தார்கள். ஏழாவது ஆட்டம் உண்டு.

அது மறுநாள். தம்பி வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பலகாரப் பொட்டலத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே ஸ்கோர் பார்க்கவில்லை. ஃபோனை ஜன்னல் ஓரமாக, கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஃபோன் சும்மாவே கிடந்தது. ஒன்பதரைக்கு தம்பி அதையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

நானே கூப்பிட்டேன். நான்கைந்து தடவை அடித்தபிறகு, அதிசயமாக, எடுத்தார். பின்னால் டிரையர் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"எந்த லோடுங்க?" என்றேன்.

"வெள்ளைத் துணி" என்றார்.

பிறகு நான் சொன்னேன். "அடுத்த வருஷம் ஜெயிச்சுடலாம்."

"ஹலோ, யாரு பேசறது?" என்றார். குரலில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. அழுகையும் கொஞ்சம் இருந்தது.

இந்த மார்ச்சில் புதுக் காகிதம் ஏறியது. நான் எண்பத்து நான்கு என்று எழுதினேன். போன வருஷம் ஒரு கோடை நன்றாக ஆடினார்கள் என்பதற்காக நான் கணக்கை மாற்றுகிறவள் இல்லை. பந்து வீசுகிற இரண்டு பேருக்குத் தோள்பட்டை சரியில்லை, எண்பத்து நான்கே தாராளம். அவர் கீழே வழக்கம்போல் தன் சொல்லை எழுதினார். சீட்டுப் போட்ட சனிக்கிழமை, அக்டோபர் சீட்டுகளை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிச் சொம்பில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு இந்தத் தடவை விழுந்தது ஏழாவது.

மே மாதத்தில் தம்பி கூப்பிட்டான். சரவணம்பட்டிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வேலை முடியப்போகிறது.

"அக்கா, புதுவீட்டுக்குப் பால் காய்ச்சணும். நீ இல்லாம அடுப்புப் பத்த வைக்கமாட்டேன்னு இவ சொல்லிப்போட்டா. ஐப்பசியா, தையா? நீ சொல்றதுதான்."

என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் திரும்பவில்லை, கையை ஆட்டவில்லை. குழாயை மட்டும் நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முந்தின நாள்கூட எங்கள் டீம் தோற்றிருந்தது, சோபாவில் துணி அடுக்கடுக்காக மடித்துக் கிடந்தது. தையில் மகளுக்கு லீவும் கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் என் கையெழுத்தில் எண்பத்து நான்கு என்று தெளிவாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

"தையில வெச்சுக்கடா" என்றேன்.